மூன்றாகப் பிரிந்த கோடை

பள்ளிக்கூடம் அடைப்பதற்கு இரண்டு மாதம் முன்பே எங்கள் ஆச்சிக்கு லீவு வேலை தொடங்கிவிடும். ஊர் அம்பாசமுத்திரம். மாசி வெயில் ஏறியதும் தட்டட்டியில் பழைய வேட்டிகளை நனைத்து விரித்து, கூழ் கிண்டி வற்றல் பிழிவாள். அதில் இரண்டு தினுசு உண்டு. பச்சை மிளகாய் தூக்கலாக அரைத்து விட்டது உள்ளூர்க்காரர்களுக்கு. காரம் குறைத்தது பம்பாய்ப் பேரப்பிள்ளைகளுக்கு. காய்ந்ததும் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து ஒவ்வொன்றாக உரித்தெடுப்பாள். தகர டின்கள் அரங்கு வீட்டுப் பரணில் ஏறியதும் தாத்தாவின் வேலை. இன்லண்டு லெட்டர்களை வாங்கி வைத்துக்கொண்டு மெட்ராஸ், பம்பாய், திருச்சி, கோவில்பட்டி என்று எல்லாருக்கும் ஒரே வாசகத்தை எழுதுவார். பரீட்சை முடிந்த மறுநாளே பிள்ளைகளை ரயிலேற்றிவிட வேண்டும். சம்பந்தி வீட்டாரை விசாரித்ததாகச் சொல்ல வேண்டும்.

பத்தமடையிலிருந்து கோரைப்பாய்கள் வந்துசேரும். காருக்குறிச்சியிலிருந்து தண்ணீருக்குப் புதுப் பானைகள். பால்காரருக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுவார்கள்.

அது மீட்டர் கேஜ் காலம். எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் திருநெல்வேலி. அங்கே செங்கோட்டை பாசஞ்சருக்கு மாற வேண்டும். பேட்டை, சேரன்மகாதேவி, காருக்குறிச்சி, வீரவநல்லூர் என்று ஸ்டேஷன் வர வர எங்கள் சத்தம் கூடும். கல்லிடைக்குறிச்சி தாண்டி வண்டி தாமிரபரணிப் பாலத்தில் ஏறியதும் எல்லாத் தலைகளும் ஜன்னலில் இருக்கும். பாலம் முடிந்தால் ஊர். பிளாட்பாரத்தில் தாத்தா குடையோடு நிற்பார். வண்டி எத்தனை மணி நேரம் தாமதமானாலும் நிற்பார். 2012-ல் அந்தப் பாதை அகலப்பாதையாகி, வண்டிகள் இப்போது விரைவாகப் போகின்றன. அந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. பாலம் வருவதற்குள் மனசு தயாராக வேண்டாமா?

ராத்திரி பட்டாசலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பாய்தான். மாமா பிள்ளைகள், பெரியம்மா பிள்ளைகள் எல்லாரும் அதில் அடக்கம். யாருக்கும் தனி இடம் கிடையாது, முந்தியவருக்கு ஜன்னலோரம். செவ்வாயும் வெள்ளியும் பெண்பிள்ளைகளுக்கு, புதனும் சனியும் பையன்களுக்கு எண்ணெய்க் குளி. புறவாசலில் வரிசையாக உட்காரவைத்து, நல்லெண்ணெயைச் சூடு பார்த்து உச்சியில் வைத்துத் தேய்ப்பாள் ஆச்சி. சீயக்காய் கண்ணில் விழுந்து அலறுகிறவனை அவனுக்கு மூத்தவன் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுப்பை யாரும் யாரிடமும் ஒப்படைத்ததில்லை. தானாக வந்து சேரும். ஆற்றிலும் அப்படித்தான். படித்துறையில் தாத்தா உட்கார்ந்திருப்பார். நீச்சல் சொல்லித்தந்தது அத்தான்மார்கள்.

மாம்பழம் நறுக்குவதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆச்சி அருவாமணையைப் போட்டு உட்கார்வாள். சுற்றிலும் நாங்கள். கதுப்புகளை ஒரே கனத்துக்கு அரிந்து, சின்னவர்களிலிருந்து ஆரம்பித்து ஆளுக்கொன்றாகக் கொடுப்பாள். கடைசியில் கையில் கொட்டை நிற்கும். எங்கள் கண்ணெல்லாம் அதிலேதான். கதுப்பை விடக் கொட்டைதான் உசத்தி. சூப்பி முடிக்க அரைமணி நேரம் ஆகும், முழங்கை வரை சாறு வழியும், யாரும் கேட்க மாட்டார்கள்.

"நேத்து கொட்டை யாருக்குப் போச்சு?" என்பாள். ஆளாளுக்குக் கத்துவோம். அவளுக்கு விடை தெரியும். முந்தாநாள் யாருக்குப் போனதென்பதும் தெரியும். காலையில் அடி வாங்கியவன் யார், முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தவள் யார், முதலில் ஊருக்குக் கிளம்பப்போகிறவர் யார் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்தக் கொட்டை ஒரு கைக்குப் போகும். "ஏட்டி, இன்னைக்கு அவளுக்கு விட்டுக்கொடு. நாளைக்கழிச்சு பம்பாய்க்குப் போயிருவா" என்று என் தங்கையிடம் ஒருநாள் சொன்னாள். தங்கை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தாள். பம்பாய்க்காரி பாதி சூப்பிவிட்டு மீதியைத் தங்கையிடமே நீட்டினாள். இருவருக்கும் இன்று நரை விழுந்துவிட்டது. இப்போதும் வாரம் ஒருமுறை போனில் பேசிக்கொள்கிறார்கள்.

எங்களை மகிழ்விக்க ஆச்சியும் தாத்தாவும் தனியாக எதையும் செய்ததாக நினைவில்லை. சோறு, தண்ணீர், எண்ணெய், தூக்கம். இவற்றைப் பார்த்துக்கொண்டார்கள். மற்றதை நாங்கள் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டோம்.

அதே நேரத்தில், அந்த வீட்டு அடுக்களையைச் சொல்லாமல் ஏக்கத்தை மட்டும் எழுதுவது நியாயமாகாது. தாய்வீட்டுக்கு ஓய்வெடுக்க வந்த எங்கள் அம்மாவும் பெரியம்மாவும் அங்கேதான் நின்றார்கள். ஆச்சி நாலு மணிக்கு எழுந்தாள். இட்லிப் பானை இறங்க இறங்க அடுத்த பந்தி உட்கார்ந்திருக்கும். ஆண்கள் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடை திரும்பி வர வேண்டும் என்று நான் ஆசைப்படும்போது, அந்த அடுக்களை அப்படியே திரும்பி வர வேண்டும் என்று ஆசைப்படவில்லை.

ஆச்சியும் தாத்தாவும் போய்விட்டார்கள். பம்பாய், திருச்சிக்காரர்களுக்கு அங்கங்கேயே பேரன் பேத்தி வந்துவிட்டது. தாத்தாவின் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்ளப் போன என் அப்பாவும் அம்மாவும் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். இன்று அவர்கள்தான் அங்கே தாத்தா, ஆச்சி. நான் சென்னையில், தங்கை துபாயில், தம்பி நியூ ஜெர்சியில். மூவருக்கும் அந்த வீட்டின் மீது ஆசை குறையவில்லை. வருஷம் தவறாமல் முயல்கிறோம். ஆனால் ஒன்றாகப் போக முடிவதில்லை. இதற்கு யாருடைய மனசும் காரணமில்லை. பள்ளிக்கூடக் காலண்டர்தான் காரணம். தமிழ்நாட்டில் ஏப்ரல் கடைசியில் அடைத்து ஜூனில் திறக்கிறார்கள். துபாயில் பெரிய லீவு ஜூலையும் ஆகஸ்டும். நியூ ஜெர்சியில் ஜூன் பாதிக்கு மேல்தான் அடைக்கிறார்கள். என் பிள்ளைகள் புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது தம்பி மகனுக்குப் பரீட்சைகூட முடிந்திருக்காது.

ஆகவே அம்மாவுக்கு இப்போது மூன்று கோடை. மே மாதம் எங்களுக்கு. ஜூலையில் தங்கை வருவாள்; அப்போது குற்றாலத்தில் சீசன், ஊருக்குள்ளும் சாரல் அடிக்கும். எங்களுக்கு அந்த வயதில் கிடைக்காத பாக்கியம் அது. ஆகஸ்டில் தம்பி. மூன்று முறை வீட்டை ஒழித்து, மூன்று முறை பாய் விரித்து, மூன்று முறை கண்ணைத் துடைத்துக்கொண்டு வழியனுப்புகிறாள். எழுபத்தைந்து வயதில் அது லேசான காரியமா? ஒரே தடவையாகக் கூடினால் அடுக்களையில் நிற்க நாங்கள் மூன்று குடும்பத்து ஆண்களும் பெண்களும் இருப்போம்.

போன வருஷம் தம்பி மகன் ஆகஸ்டில் வந்திருந்தபோது நானும் ஒரு சனி, ஞாயிறுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சீசன் முடியும் நேரம். அம்மா எங்கோ சொல்லிவைத்து நீலம் மாம்பழம் வாங்கி வைத்திருந்தாள். அதே அருவாமணை. அவன் ஒருவன்தான் பிள்ளை. கதுப்பையெல்லாம் அவன் தட்டில் வைத்து, கொட்டையையும் வைத்தாள். "இதை என்ன செய்யணும் ஆச்சி?" என்று கேட்டான். சொல்லிக்கொடுத்தாள். சூப்பினான், பிடித்திருந்தது. ஆனால் அதற்காகச் சண்டை போட அங்கே யாருமில்லை. என் மகளும் அவனும் வீடியோ காலில் கையாட்டிக்கொள்வார்கள். ஒரே பாயில் படுத்து இருவருக்கும் பழக்கமில்லை.

அப்பா, அம்மாவும் தம்பி வீட்டுக்குப் போய் வந்தார்கள். விசிட்டர் விசாவில் ஆறு மாதம். தம்பியும் அவன் மனைவியும் தாங்கினார்கள், குறையே சொல்ல முடியாது. ஆனாலும் அங்கே அவர்கள் விருந்தாளிகள். திரும்பி வந்த அன்றே புறவாசல் கதவைத் திறந்து, விறகடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்ட பிறகுதான் அம்மாவுக்கு முகம் தெளிந்தது.

இதற்கு வழி இல்லாமலில்லை. டிசம்பர் கடைசி வாரத்தைப் பாருங்கள். நம் ஊரில் அரையாண்டு லீவு, அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் லீவு, துபாயில் குளிர்கால லீவு, சிங்கப்பூரில் வருஷக் கடைசி லீவு, ஆஸ்திரேலியாவில் அவர்களுடைய கோடை. வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் பள்ளிக்கூடம் இல்லாத நாட்கள் அவை. மார்கழியில் மாம்பழம் இராது, நுங்கு இராது. ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கும், கவனம் வேண்டும். திருவாதிரை சேர்ந்து வந்தால் களி உண்டு. பனங்கிழங்கு வரத் தொடங்கும். விமான டிக்கெட் அப்போது விலை அதிகம்தான். எங்கள் வீட்டில் மூன்று பேரும் பேசி, இந்த டிசம்பருக்கு எடுத்துவிட்டோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஆளுக்கொரு மாதமாக ஊருக்குப் போய்க்கொண்டிருந்தால், அடுத்த டிக்கெட் எடுக்கும் முன் அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரு போன் போட்டுத் தேதியைக் கேளுங்கள். தாத்தாவும் ஆச்சியும் நடமாட்டமாக இருக்கும்போதே கேளுங்கள்.