மகனிடம் சொன்ன பொய்

திண்டிவனம் தாலுகா ஆபீசில் நான் குமாஸ்தாவாக இருந்த நாளில் எல்லாம் தென்னாற்காடு மாவட்டம்தான். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ். நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ரோட்டின் இருபக்கமும் புளியமரங்கள், அடிமரத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை. லாரியை முந்தப்போன நேரத்தில் எதிரே இன்னொரு வண்டி வந்துவிட்டால் பஸ் முழுக்க "முருகா" என்று சத்தம் கேட்கும். மயிலத்து முருகனுக்கு அந்தக் காலத்தில் ஓய்வே இருந்திருக்காது.

பிறகு புளியமரங்களை வெட்டி நாலுவழிச் சாலை போட்டார்கள். மரம் போனதில் வருத்தம்தான். ஆனாலும் நடுவில் தடுப்பு வந்துவிட்டது, எதிரே வண்டி வராது, இனி என்ன பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற மறுவருஷம், 2013 தை மாசம். தாம்பரத்தில் மைத்துனர் மகளுக்குக் கல்யாண ரிசப்ஷன். "மாமா, ராத்திரி தங்கிட்டுக் காலையில போங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. பதினொன்றரைக்கு ஆல்டோவை எடுத்தேன். மேல்மருவத்தூரில் ஒரு டீ. டீ குடித்தால் தூக்கம் போய்விடும் என்பது நம் ஊர் நம்பிக்கை. கொஞ்ச நேரத்துக்குத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

திண்டிவனம் பைபாஸ் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கூட்டேரிப்பட்டு தாண்டியது ஞாபகமே இல்லை. பழைய ரோட்டில் குண்டும் குழியும் நம்மைத் தூங்க விடாது. இந்த ரோடு தாலாட்டுகிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் போகிறோம். மூன்று விநாடி கண் சொக்கினால் எண்பது மீட்டருக்கு மேல் வண்டி யாரும் ஓட்டாமலே போகிறது.

"என்னங்க!"

என் மனைவி தோளைப் பிடித்து உலுக்கினாள். எதிரே கரும்பு டிராக்டர், நின்றுகொண்டிருந்தது. பின்விளக்கு இல்லை. டிரெய்லருக்கு வெளியே கரும்பு நீட்டிக்கொண்டிருந்தது. வலதுபக்கம் ஒடித்தேன். கரும்பு உரசி இடதுபக்கக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. பின்னால் லாரி எதுவும் வராதது எங்கள் நல்ல நேரம்.

இறங்கினேன், கை நடுங்கியது. டிராக்டர்க்காரனைத் திட்டுவதற்குத்தான் போனேன். என் மகன் வயதுப் பையன். "பஞ்சர் சார். பின்னால கல்லும் வேப்பங்கொத்தும் போட்டு வச்சிருந்தேன். நீங்க அது மேலயே ஏத்திட்டு வந்தீங்க" என்றான். திரும்பிப் பார்த்தேன். வேப்பங்கொத்து என் பம்பரில் மாட்டியிருந்தது. திட்ட வாய் வரவில்லை. விளக்கு இல்லாமல் வந்தது அவன் தப்புதான். ஆனால் அவன் விழித்திருந்தான்.

2019 பிப்ரவரி 23 விடிகாலையில் நம் விழுப்புரம் எம்.பி. ராஜேந்திரன் போன கார் திண்டிவனம் பக்கம் ஜக்காம்பேட்டையில் நடுத்தடுப்பில் மோதி அவர் இறந்துபோனார். செய்தியைப் பார்த்ததும் என் மனைவி ஒன்றும் பேசாமல் டிவியை நிறுத்திவிட்டாள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். டிராக்டர்க்காரனைக் குறைசொல்லும் நான் மட்டும் யோக்கியனா? விக்கிரவாண்டி பக்கம் எங்கள் நிலத்துக்குப் போகும்போது, திரும்புவதற்கான இடைவெளி ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று எத்தனை நாள் டிவிஎஸ் 50ஐ எதிர்த்திசையில் ஓரமாக ஓட்டியிருக்கிறேன்! "ஓரமாத்தானே போறோம்" என்பதுதான் சமாதானம். பால் கேனோடு, புல்லுக்கட்டோடு, பள்ளிக்கூடப் பிள்ளையோடு ஊரே அப்படித்தான் போகிறது. சென்னையிலிருந்து வருகிறவனுக்கு அது நெடுஞ்சாலை, நமக்கு அது தெரு. ரோடு போட்டவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து யோசித்த மாதிரி தெரியவில்லை. அன்று ராத்திரி வரை நானும் யோசித்ததில்லை.

நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு தகவல். 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தை முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்தது நான் டீ குடித்த அதே மேல்மருவத்தூரில்தான். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, திட்டத்தின் வரம்புக்குள், அரசு ஏற்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. பணத்துக்கு யார் பொறுப்பு, போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டுமே என்று ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. உதவி செய்தவர் பெயர், விலாசம் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் சட்டத்தில் கிடையாது. 108க்குப் போன் போடுங்கள்.

இப்போது சென்னையிலிருந்து பத்திரிகை வந்தால் என் மனைவி முகூர்த்த நேரம் பார்ப்பதற்கு முன்னால், "ராத்திரி தங்க ரூம் சொல்லியாச்சா?" என்றுதான் கேட்கிறாள். சொல்லாவிட்டால் கிளம்ப மாட்டாள்.

கண்ணாடி எப்படி உடைந்தது என்று மகன் கேட்டபோது, கல்யாண மண்டபத்து கேட்டில் இடித்துவிட்டது என்று சொல்லியிருந்தேன். இதைப் படித்துத்தான் அவனுக்கு விஷயம் தெரியப்போகிறது.