கையும் ரம்பமும்

அக்காவின் வலது முழங்கால் மூட்டை மாற்றுவதென்று முடிவானபோது டாக்டர் கேட்டார்: கையாலா, ரோபோவா? ரோபோ என்றால் கூடுதல் பணம். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நாற்பது வருஷம் தையல் மிஷினை மிதித்த கால் அது. அதைப் பற்றி நான் தீர்மானிப்பது அபத்தமாகப் பட்டது.

ரோபோ என்ற சொல்லே ஒரு நாடகத்திலிருந்து வந்தது. காரல் சாபெக் 1920-ல் வெளியிட்ட செக் நாடகம். மூலச்சொல்லுக்குக் கட்டாய உழைப்பு என்று பொருள். 1992 நவம்பரில் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில், ரோபோடாக் என்ற இயந்திரம் முதன்முதலாக ஒரு மனிதத் தொடையெலும்பில் செயற்கை இடுப்பு மூட்டுக்கான குழியைத் தானே குடைந்தது. அதற்கு முன் நாய்களுக்குக் குடைந்திருந்தது. உருவாக்கிய இருவரில் வில்லியம் பார்கர் எலும்பு டாக்டர், ஹோவர்டு பால் மிருக வைத்தியர். பிறகு ஜெர்மனியில் ஏராளமாகப் புழங்கி, தசை சேதமானதாக நோயாளிகள் வழக்குத் தொடுக்க, அங்கே ஓய்ந்தது. எலும்பைத் துல்லியமாகக் குடைவது வேறு. அதற்குப் போகும் வழியில் சதை இருக்கிறது என்ற பிரக்ஞை வேறு.

இப்போதைய இயந்திரங்கள் சிலவற்றில் ரம்பம் டாக்டரின் பிடியில்தான் இருக்கிறது. ஸ்கேன் படத்தை வைத்து எல்லை முன்பே வகுக்கப்படுகிறது. தாண்டப்போனால் இயந்திரக் கை இடங்கொடுக்காது. தானே செய்துகொண்டிருந்தது, தடுப்பதற்கு வந்திருக்கிறது. யாப்பை உதறியதையே விடுதலை என்று பேசிவந்த எனக்கு இது சற்று சங்கடமான செய்தி.

வெட்டு, போட்ட திட்டத்தோடு கூடுதலாகப் பொருந்துகிறது என்பது உண்மை. ஆனால் வலியிலும் நடையிலும், தேர்ந்த கை செய்வதைவிடப் பெரிய வித்தியாசம் இன்னும் நிரூபணமாகவில்லை. இதை டாக்டரே சொன்னார். அவர் மேல் மதிப்பு வந்தது.

"நடுவில் மிஷின் நின்றுவிட்டால்?" என்றேன்.

"கையால் முடிப்பேன்."

அவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். அந்தக் கை தவறிப் பழகிய கை, அதாவது தவற்றைத் தானே உணர்ந்து திருத்திக்கொண்ட கை. எல்லைக்குள்ளேயே கற்று வரப்போகிறவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வரும்? எதிர்காலம் என்று எல்லோரும் மிஷினைத்தான் காட்டுகிறார்கள். எனக்கு அந்த இளைஞர்களின் விரல்களைப் பற்றித்தான் கவலை.

அக்காவின் கேள்வி வேறாக இருந்தது. "எதுல பண்ணினாலும் தரையில சம்மணம் போட்டு உக்காரலாமா, டாக்டர்?"

"வேண்டாம்மா. நாற்காலிதான்."

"அப்ப உங்க கையாலயே பண்ணிடுங்க" என்றாள்.