ஈயை அழைக்கும் பூ

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை போகும் வழியில் ஒரு சிறிய நர்சரி. உள்ளே நுழைந்ததுமே செத்த எலி நாற்றம். காலடியில் தேடினேன். "எலி இல்ல தம்பி, பூ" என்று நிழல்வலைக்குள் அழைத்துப் போனார், அங்கே பதியம் போடும் அக்கா.

தொட்டி விளிம்பைத் தாண்டிக் கிடந்தது ஸ்டபீலியா ஜைஜான்டியா. ஐந்து முனை நட்சத்திரம், விரித்த என் கையைவிடப் பெரிது. வெளிர்மஞ்சள் இதழில் செந்நிற வரிகள், மேலே மெல்லிய ரோமம். தென்னாப்பிரிக்கப் பக்கத்துச் செடி. சில பூக்கள் 40 செ.மீ. வரை விரியும்.

பூவின் நடுவில் ரவை சிந்தியதுபோல் வெள்ளையாக ஏதோ இருந்தது. குனிந்து பார்த்தேன். ஈ முட்டை! அழுகிய இறைச்சி என்று நம்பி ஈ முட்டையிடுகிறது. பொரிக்கும் புழுவுக்குத் தின்ன எதுவும் கிடைக்காது, செத்துப்போகும். ஈயோ தன் வாயில் ஒட்டிய மகரந்தப் பொட்டலத்தோடு அடுத்த பூவுக்குப் போய்விடுகிறது. எருக்கம்பூவிலும் மகரந்தம் இப்படித்தான் பொட்டலமாக இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம். காய் வெடித்தால் இதன் விதையும் எருக்கைப் போலவே பஞ்சோடு பறக்கும்.

"எல்லாத்தையும் கள்ளின்னுதான் கேக்குறாங்க. கீறிப் பாத்தாத் தெரிஞ்சுடும்" என்று தண்டில் நகத்தை வைத்தார் அக்கா. தண்ணீராகக் கசிந்தது. பக்கத்துச் சதுரக்கள்ளியில் பொட்டென்று வெள்ளைப் பால். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. ஸ்டபீலியாவில் முள்ளும் இல்லை. நான்கு பட்டைத் தண்டின் ஓரத்தில் மென்மையான பற்கள் மட்டும்.

அடுத்த தொட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். கள்ளிமுளையான்! அப்பத்தா புளியும் மிளகாயும் வைத்துத் துவையல் அரைத்த அதே செடி. ஸ்டபீலியாவின் நெருங்கிய உறவு. கரலூமா என்பது நூல்களில் அதன் பெயர். தடித்த தண்டு வகையில் கருஞ்சிவப்புப் பூக்கள் பந்தாகத் திரளும், அதுவும் நாறும். பசியைக் குறைக்கும் என்று கரலூமா சாற்றை இன்று மாத்திரையாகவும் விற்கிறார்கள். பாறை இடுக்கில் வளர்வதை வேரோடு பிடுங்கினால் அந்த இடத்தில் மறுபடி முளைக்க எதுவும் மிஞ்சாது. ஒரு துண்டு போதும், வீட்டிலேயே பெருக்கிக்கொள்ளலாம்.

அதைத்தான் அக்கா செய்துகாட்டினார். கணுவில் தண்டை அறுத்தார். நிழலில் ஐந்து நாள் கிடந்து காயம் காய வேண்டும். மணலும் செங்கல் பொடியும் தாராளமாகக் கலந்த மண், அடியில் துளையுள்ள மண்தொட்டி. அரை அங்குல ஆழம் ஊன்றினால் போதும். காலை வெயில் படலாம், உச்சி வெயில் கூடாது. மண் முழுக்கக் காய்ந்த பிறகே தண்ணீர். ஐப்பசி மழையில் தொட்டி திண்ணைக்கு வந்துவிட வேண்டும்.

"காஞ்சு செத்ததை விட ஊத்திச் செத்ததுதான் நெறைய" என்றவர், அடி கறுத்துக் கொழகொழத்த ஒரு தண்டைத் தூக்கிக் காட்டினார். கறுப்பு ஏறாத நுனியை மட்டும் அறுத்து மறுபடி காயப்போட்டார். எறியவில்லை.

கிளம்பும்போது கள்ளிமுளையான் துண்டு ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். "வீட்டுக்குப் போனதும் நட்டுடாத தம்பி."

ஜன்னல் திட்டில் வைத்திருக்கிறேன். இன்று மூன்றாம் நாள். வெட்டுவாய் தோல் கட்டத் தொடங்கியிருக்கிறது.