மடியில் பிள்ளை வைத்திருப்பவள்

பெரியாற்றுத் தண்ணீர் வரும் நாளில் கம்பத்தில் யாருக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஜூனில் தேக்கடியில் திறந்துவிட்டால், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இறங்கி, லோயர்கேம்ப், கூடலூர் தாண்டி எங்கள் வாய்க்காலுக்கு வரும். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கும் அதுதான் உயிர். பெரியவர்கள் நாற்றங்காலுக்கு ஓடுவார்கள். நான் நண்டுக்கு ஓடுவேன்.

கோடை முழுக்க வளைக்குள் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்த வயல்நண்டுகள் தண்ணீர் ஏறியதும் வரப்போரம் வந்து நிற்கும். அப்பாவுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. ராத்திரி கட்டிய தண்ணீர் விடியும்போது கீழ்வயலில் நிற்கும். வரப்பில் நண்டு போட்ட ஓட்டை. அதனால் நண்டு பிடிப்பது எனக்கு விளையாட்டு, வீட்டுக்கு வேலை. பிடித்ததெல்லாம் அப்பத்தாவின் அம்மிக்குப் போகும். ஓட்டோடு நசுக்கி, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டு அவள் வைக்கும் ரசத்தில் நெஞ்சுச்சளி இளகி இறங்கும்.

ஆறாம் வகுப்பு படித்த வருஷம் ஒருநாள், வளைக்குள் கைவிட்டு இழுத்த நண்டு ஓடவும் இல்லை, கடிக்கவும் இல்லை. வயிற்றை மண்ணோடு அழுத்திக்கொண்டு கிடந்தது. அப்பத்தாவிடம் நீட்டினேன். அவள் மல்லாத்தி, வயிற்று மடலை விரல் நுனியால் லேசாக விலக்கினாள். உள்ளே மிளகளவுகூட இல்லாத நண்டுகள். எட்டுக் கால், இரண்டு கொடுக்கு, எல்லாம் முழுசாக. வெளிச்சம் பட்டதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உள்ளே ஒண்டின.

“பிள்ளைக்காரிடா இவ. மடியில பிள்ளைகள வச்சிருக்கா. எடுத்த எடத்துலயே விட்டுட்டு வா சாமி.”

“பிள்ளை பெத்தா நண்டு செத்துப்போகும்னு சொல்லுவாகளே அப்பத்தா?”

“சொல்லுவாக. இவ உசுரோடதான இருக்கா?”

ஊர் அப்படிச் சொன்னது இன்று நேற்றல்ல. ஐங்குறுநூற்றின் கள்வன் பத்திலேயே அந்த நம்பிக்கை இருக்கிறது. கள்வன் என்றால் அங்கே நண்டு. விரிந்த மடலும் அதிலிருந்து பிதுங்கும் குஞ்சுகளும் பார்த்தவர் கண்ணுக்கு வயிறு கிழிந்ததுபோல் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அன்று வளை வாயில் வைத்ததும் அவள் பக்கவாட்டில் நகர்ந்து இருட்டுக்குள் போய்விட்டாள்.

அந்த முழுப்பரீட்சை லீவில் தூத்துக்குடி மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். கடற்கரையில், வலையிலிருந்து கழித்த நீலக்கால் நண்டு ஒன்றின் வயிற்றில் ஆரஞ்சு நிறத்தில் பஞ்சுப்பொதி மாதிரிச் சினை, மடலுக்குள் அடங்காமல் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. நான் கிளறிக் கிளறித் தேடினேன்.

“என்னல தேடுத?” என்றார் வலை பிரித்துக்கொண்டிருந்த அக்கா.

“குஞ்சு.”

“கடல் நண்டுக்கு மடியில குஞ்சு ஏது? எல்லாம் கடலுக்குள்ள போயிரும்லா.”

அந்தப் பதில் மனசிலேயே கிடந்தது. பிறகு விலங்கியல் படித்து, பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்து நீர்த்துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த அன்றுதான் கடலுக்குள் போன குஞ்சைக் கண்டேன். நண்டுச் சாயலே இல்லை. பெரிய கண்கள், முதுகில் ஒரு முள், மூக்கில் ஒரு முள், சுருண்டு நிமிரும் வால். ஜோயியா என்று பெயர். ஒரு காலத்தில் இதைத் தனி உயிரினம் என்றே நினைத்துப் பெயர் வைத்திருந்தார்கள். அயர்லாந்தின் கார்க் நகரில் இருந்த ராணுவ மருத்துவர் ஜான் வாகன் தாம்சன் 1820களில், நண்டு முட்டையிலிருந்தே இது பொரிப்பதைக் கண்டு சொன்னார். பலர் நம்ப மறுத்தார்கள்.

நீலக்கால் நண்டு நான்கு ஜோயியாப் பருவம் கடந்து, மெகலோப்பா என்ற இன்னொரு வடிவம் எடுத்து, அப்புறம்தான் நண்டாகும். அதுவரை நீரோட்டம் கொண்டுபோகும் திசைதான் அதன் திசை. அநேகம் மீன் வயிற்றுக்குப் போய்விடும். அதனால்தான் தாய் லட்சக்கணக்கில் முட்டை சுமக்கிறது. தாயிடம் இருக்கும் சத்து ஓரளவுதான். அதைச் சின்ன முட்டை பலவாகவும் பங்கிடலாம், பெரிய முட்டை சிலவாகவும் பங்கிடலாம். 1973இல் ரிச்சர்ட் வான்ஸ் இதைக் கணக்காகவே எழுதிக்காட்டினார். கடலுக்குள்ளேயே இரண்டு வழியும் உண்டு. தூத்துக்குடி முத்துச்சிப்பியின் குஞ்சு மிதந்து அலைகிறது. அதே கடலின் சங்கு, முட்டைக்கூட்டிலிருந்து குட்டிச் சங்காகவே ஊர்ந்து வருகிறது.

எங்கள் வயல்நண்டின் முன்னோரும் கடலில் இருந்தவர்கள்தான். நன்னீருக்குள் ஏறியபின் மிதக்கும் குஞ்சு உதவாது. வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். உப்பில்லாத தண்ணீரில் கடல் நண்டின் ஜோயியா பிழைக்காது. ஆகவே முட்டைகள் குறைந்தன, ஒவ்வொன்றிலும் கரு பெருத்தது. கடலில் திரிந்து நடக்க வேண்டிய உருமாற்றம் முட்டைக்குள்ளேயே நடந்து முடிந்தது. பொரித்தபின்னும் கொஞ்ச நாள் அம்மா மடி. நான் அன்று பார்த்தது அதைத்தான். அப்பத்தாவின் சொல்லைவிடப் பொருத்தமான சொல்லை எந்தப் பாடநூலிலும் நான் பார்க்கவில்லை.

கடலில் ஓரிடத்து நண்டு அற்றுப்போனாலும் நீரோட்டத்தோடு வேறிடத்துக் குஞ்சு வந்து சேரும். வயலுக்கு அந்த வழி கிடையாது. மருந்தடித்த வரப்பில் ஒரு தாய் செத்தால், அந்த மடியும் சேர்ந்தே போகிறது. வயலில் நண்டு பிடிக்கிறவர்கள் கூடையில் போடுமுன் ஒருமுறை மல்லாத்திப் பாருங்கள். மடல் அகன்று, உள்ளே அசைவு தெரிந்தால், எடுத்த வளையிலேயே விட்டுவிடுங்கள்.