மசக்கைக்கும் ஒரு அளவு இருக்குதுங்க

மஞ்சள் வெட்டி, வேகவெச்சு, களத்துல காயப்போட்டாச்சு. ரெண்டு மாசமா இங்க எழுத முடியலை. வேலை மட்டும் காரணமில்லை. எங்க மருமகப் புள்ள மாசமா இருக்குது. இன்னிக்கு மசக்கையைப் பத்தித்தான் எழுதப் போறேன். ஆம்பளைக்கு இதுல என்ன பேச்சுன்னு எங்க ஊர்லயே கேப்பாங்க. கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்.

முப்பது வருசமா மாடு வெச்சிருக்கேன். சினை பிடிச்ச மாடு குமட்டலெடுத்து நான் பார்த்ததில்லை. மனுசப் பொறவிக்குத்தான் இந்தப் பாடு. கர்ப்பமாகற பத்துப் பேர்ல ஏழெட்டுப் பேருக்கு இது வரும். ஆறாவது வாரம் சுமாருக்கு ஆரம்பிச்சு, பெரும்பாலும் நாலு, அஞ்சு மாசத்துக்குள்ள அடங்கிடும். இங்கிலீசுல 'மார்னிங் சிக்னஸ்'னு பேர் வெச்சிருக்காங்க. எங்க புள்ளைக்கு ராத்திரி பதினொரு மணிக்கும் இருந்துச்சு.

முதல் எதிரி வாசம்தான். தோட்டத்து வீட்ல இத்தனை வாசம் இருக்குதுன்னு எங்களுக்கே இப்பத்தான் தெரிஞ்சுது. கட்டுத்தறியில சாணி, வாளியில ஊறுற புண்ணாக்கு, அடுப்புல பொங்குற பால், பெருங்காயம் போட்ட தாளிப்பு. இதுக்கு மேல மஞ்சள் வேகவெக்கிற சீசன். வாடகைக்கு வர்ற பாய்லர் மெசினை வருசா வருசம் வாசலுக்குப் பக்கத்துலதான் நிறுத்துவோம். இந்தத் தடவை மேக்கால கடைசி வயலுக்குக் கொண்டு போயிட்டோம். தை, மாசியில எங்க பக்கம் காத்து கிழக்கேயிருந்து அடிக்கும், வாசம் வீட்டுப் பக்கம் வராது. வேகவெச்ச மஞ்சளைக் களத்துக்குச் சுமக்க ரெண்டு ஆள் கூலி கூடுதலாச்சு. போகட்டும்.

சாப்பாட்டுல எது ஒத்துவந்துச்சுன்னும் சொல்லிடறேன். காலையில படுக்கையை விட்டு எந்திரிக்கறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி பொரி, இல்லைன்னா ரெண்டு ரஸ்க். வெறும் வயிறா இருந்தா குமட்டல் அதிகமாகும். மூணு வேளைச் சோத்தை ஆறு வேளையாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தோம். சூடான சோத்தை விட ஆறின தயிர்ச் சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும் எளிசா எறங்குச்சு. ஆறினதுல வாசம் கம்மி. தண்ணியைச் சோத்தோட குடிக்காம, நடுவுல நடுவுல ஒவ்வொரு மொடக்கா. இஞ்சித் தண்ணி கொஞ்சம் கேட்டுச்சு. மூணு மாசத்துக்குத் தாளிப்பு வேலை என் பையனோடது.

இத்தனையும் பண்ணியும் ஒம்பதாவது வாரத்துல நிலைமை கை மீறிப் போச்சு. சோறு போயி, கஞ்சி போயி, தண்ணி குடிச்சாலும் அஞ்சு நிமிசத்துல வெளிய வந்துச்சு. "மசக்கைன்னா அப்படித்தான் இருக்கும். நாங்க வாந்தி எடுத்துக்கிட்டே நாத்து நட்டோம்"னு எங்கம்மா சொன்னாங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரங்களும் அதையே சொன்னாங்க. ஆறுதலாத்தான் சொன்னாங்க. ஆனா எல்லாரும் இப்படிச் சொன்னா, புள்ள அதுக்கு மேல வாயைத் தொறக்குமா? சுருண்டு படுத்துக்கிச்சு.

அன்னிக்குப் பாத்து கிராம சுகாதார நர்ஸம்மா வந்தாங்க. அவங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "கடைசியா எப்ப கண்ணு ஒண்ணுக்குப் போனே?" "நேத்து சாயங்காலம்"னு புள்ள சொல்லுச்சு. அப்ப மணி காலை பத்து. நர்ஸம்மா வீட்ல உக்காரவே இல்லை, கையோட ஆஸ்பத்திரிக்கு வண்டி வெக்கச் சொல்லிட்டாங்க.

52 கிலோ இருந்த புள்ள 48 ஆயிருந்துச்சு. உடம்புல தண்ணி வத்திப்போச்சு, சிறுநீர்ல கீட்டோன் இருக்குதுன்னாங்க. ரெண்டு நாள் குளுக்கோஸ், வைட்டமின் ஊசி, வாந்திக்கு மாத்திரை. மூணாம் நாள் அரை இட்லி உள்ள நின்னுச்சு. அதைப் பார்த்த எங்கம்மா மெதுவா ஒண்ணு சொன்னாங்க: "எங்களை ஆரும் இந்தக் கேள்வி கேக்கலையே சாமி."

நூறு கர்ப்பிணிகள்ல ஒண்ணு முதல் மூணு பேருக்கு மசக்கை இப்படி முத்திப் போகும். டாக்டருங்க இதுக்குத் தனிப் பேரே வெச்சிருக்காங்க, 'ஹைப்பர்எமிசிஸ்'. இங்கிலாந்து இளவரசர் வில்லியமோட சம்சாரம் கேத்தரினே 2012 டிசம்பர்ல இதுக்காக ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. கருவுல இருந்து தாய் ரத்தத்துக்கு வர்ற ஜிடிஎஃப்15ங்கற ஹார்மோன் இதுக்கு முக்கியக் காரணம்னு 2023ல ஆராய்ச்சி வந்திருக்குது. 'மனசுதான் காரணம்', 'வேலைக்குப் பயந்து படுத்துக்கறா'ங்கற பேச்சையெல்லாம் இனி மூட்டை கட்டி வெச்சுடலாம்.

டவுன்ல தனியா இருக்கற புள்ளைங்களுக்கு நர்ஸம்மா மாதிரி வீடு தேடி ஆரும் வரமாட்டாங்க. அதனால வீட்ல இருக்கறவங்க கணக்கு வெச்சுக்கோங்க. ஒரு நாள் முழுக்க சோறு தண்ணி எதுவுமே தங்கலையா? எட்டு மணி நேரமா சிறுநீர் போகலையா, போனாலும் கரும்மஞ்சளா இருக்குதா? எந்திரிச்சா தலை சுத்துதா? எடை இறங்குதா? வாந்தியில ரத்தம், வயித்து வலி, காய்ச்சல் இருக்குதா? இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னிக்கே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிடுங்க. கர்ப்பத்துல குடுக்கக்கூடிய வாந்தி மாத்திரை இருக்குது, ஆனா டாக்டர் எழுதித்தான் வாங்கணும். மருந்துக்கடையில நாமளா கேட்டு வாங்கக் கூடாது.

"சாப்பிட்டியா?"ன்னு போன்ல கேக்கறது நம்ம பழக்கம். மசக்கைக்காரப் புள்ளைகிட்ட அதோட "குடிச்ச தண்ணி உள்ள நின்னுச்சா கண்ணு?"ன்னும் கேளுங்க.

எங்க புள்ளைக்கு இப்ப அஞ்சாவது மாசம். நேத்து ரெண்டு தோசை சாப்பிட்டுச்சு. மஞ்சள் விலை நிலவரத்தை அடுத்த தடவை எழுதறனுங்க.