விரல்களுக்கும் ஒரு வரம்



கிறிஸ்துமஸ் நாட்களிலும் மாங்காய்ப் பருவத்திலும் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் எங்கள் பங்காருபாளையத்திற்கு வரும் விசுவாசிகள், விடைபெறும் வேளையில் பெரும்பாலும் ஒரே பாரத்தைச் சொல்லுகிறார்கள். "ஐயா, பையன் எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறான். என்ன செய்கிறான் என்று எங்களுக்குத் தெரியாது. கேட்டால், உங்களுக்குப் புரியாது என்கிறான். ஜெபித்துக்கொள்ளுங்கள்." நான் ஜெபிக்கிறேன். அதோடு ஓர் ஆலோசனையும் சொல்லுகிறேன். "பெயிண்ட் என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து காட்டும்படி அவனிடம் கேளுங்கள். அருகில் உட்கார்ந்து நீங்களும் ஒரு படம் வரையுங்கள்." சிலர் சிரிக்கிறார்கள். இது ஒரு போதகர் சொல்லும் ஆலோசனையா என்று சிலர் நினைக்கிறார்கள். ஏன் அவ்விதம் சொல்லுகிறேன் என்பதை இம்மாதம் உங்களுக்கு எழுத விரும்புகிறேன்.

பெயிண்ட் என்பது கம்ப்யூட்டரில் படம் வரைய உதவும் மிக எளிய புரோகிராம். 1984-ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனத்தின் மேக்கின்டோஷ் கம்ப்யூட்டருடன் மேக்பெயிண்ட் வெளிவந்தது. அதை உருவாக்கியவர் பில் அட்கின்சன். அடுத்த ஆண்டு, 1985 நவம்பரில், மைக்ரோசாப்ட் தன் முதல் விண்டோஸை வெளியிட்டபோது அதனோடு பெயிண்டும் வந்தது. அக்காலத்தில் மவுஸ் என்பதே பலருக்குப் புதியது. அதைக் கையில் பிடித்து ஒரு கோடு இழுத்தவுடன், இது எதற்கு என்று ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே விளங்கிற்று. 2017-இல் பெயிண்டைக் கைவிடப்போகிறார்கள் என்ற செய்தி பரவியபோது உலகெங்கும் மக்கள் வருந்தினார்கள். நிறுவனம் அதைத் தொடர்ந்து வழங்குவதாக அறிவித்தது. இன்றும் அது இருக்கிறது. வரைவதற்கு இன்டர்நெட் தேவையில்லை.

எங்கள் சபையில் விடுமுறை வேதாகமப் பள்ளிக்குத் தமிழிலும் தெலுங்கிலும் அறிவிப்புத் தாள் செய்யவேண்டியிருந்தது. அப்போதுதான் இதைக் கற்றேன். கற்றுக்கொடுத்தது சபையில் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை. வேதாகமக் கல்லூரியில் கிரேக்க இலக்கணம் படித்தபோது இருந்த அதே பயத்தோடுதான் அவள் அருகில் உட்கார்ந்தேன். "ஐயா, மவுஸை இறுக்கிப் பிடிக்காதீர்கள்" என்பதே அவள் சொன்ன முதல் பாடம். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் கோடு நேராக வரும். வட்டம் சரியான வட்டமாக அமையும். எழுதியதை நீக்க ரப்பர் உண்டு. ஒரே சொடுக்கில் இடம் முழுவதையும் வண்ணத்தால் நிரப்பச் சாயவாளி ஒன்றும் உண்டு.

அந்தச் சாயவாளியைச் சற்றுக் கவனியுங்கள். வீடு ஒன்றை வரைந்து, அதன் சுவருக்குள் மஞ்சள் நிறத்தை ஊற்றினால், கோடு முழுமையாக மூடியிருக்குமட்டும் நிறம் உள்ளே நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறு இடைவெளி இருந்தாலும் போதும், மஞ்சள் வெளியே பாய்ந்து திரை முழுவதையும் மூடிவிடும். சுவரின் திறப்பிலே நிற்கத்தக்க ஒருவனைத் தேவன் தேடினதாக எசேக்கியேல் 22-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். குடும்பத்தின் சுவரிலும் பெரிய இடிபாடுகளைவிடச் சிறு திறப்புகளே அதிகம். "உங்களுக்குப் புரியாது" என்று பிள்ளை சொல்லுவதும், "எனக்கு எதற்கு அது" என்று தகப்பன் சொல்லுவதும் அப்படிப்பட்ட திறப்புகளே.

இன்னொரு பாடமும் உண்டு. கண்ட்ரோல் விசையோடு இசட் விசையை அழுத்தினால், கடைசியாகச் செய்தது இல்லாமற்போகும். ஆனால் அதற்கும் அளவு உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பெயிண்டில் மூன்று முறை மட்டுமே பின்செல்ல முடிந்தது. விஸ்டாவில் அது பத்தாகி, விண்டோஸ் 7-இல் ஐம்பதாயிற்று. படத்தைச் சேமித்து மூடிவிட்டாலோ, மறுபடி திறக்கும்போது ஒரு முறைகூடப் பின்செல்ல இயலாது. எரேமியா 18-இல் வரும் குயவனுக்கோ அப்படிப்பட்ட எல்லை இல்லை. கையிலே கெட்டுப்போன அதே களிமண்ணை எடுத்து, தன் பார்வைக்குச் சரியான வேறொரு பாண்டமாக வனைகிறான். இதை அந்தப் பிள்ளைக்குச் சொன்னபோது, அவள் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்கு எழுத்தே சரியாகத் தெரியாது. பிள்ளைக்கு நாங்கள் என்ன உதவி செய்ய முடியும்?" என்று கேட்கிறீர்களா? டெல்லி கால்காஜியில் 1999-ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்லுகிறேன். என்.ஐ.ஐ.டி. நிறுவனத்தில் பணிபுரிந்த சுகதா மித்ரா என்பவர், தம் அலுவலகத்திற்கும் பக்கத்துக் குடிசைப் பகுதிக்கும் நடுவில் இருந்த சுவரில் துளையிட்டு, ஒரு கம்ப்யூட்டரை வைத்தார். ஆசிரியர் இல்லை, விளக்கம் இல்லை. ஆங்கிலம் அறியாத அந்தக் குழந்தைகள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொடுத்தே கற்றார்கள். திரையில் நகரும் அம்புக்குறிக்கு ஊசி என்று தங்கள் மொழியிலே பெயர் வைத்தார்கள். அவர்கள் மிகவும் விரும்பியவற்றில் ஒன்று பெயிண்ட். காகிதமும் வண்ணமும் வாங்க வசதியற்ற பிள்ளைகளுக்கு, செலவில்லாமல் வரைய ஓர் இடம் கிடைத்தது.

பின்பு தமிழ் பேசும் கடலோரக் கிராமமான காளிக்குப்பத்தில், ஆங்கிலத்தில் இருந்த உயிரியல் பாடத்தை அவர் அதே முறையில் குழந்தைகள் முன் வைத்தார். தாங்களாகவே கற்று, தேர்வில் ஏறக்குறைய 30 சதவீதம் எடுத்தார்கள். அதன்பின், அந்தப் பாடம் அறியாத ஓர் இளம்பெண்ணை அவர்களுக்குப் பின்னால் நிற்கச் செய்தார். அவள் செய்ததெல்லாம், "அடடா, இது என்ன? எப்படிச் செய்தீர்கள்? எனக்கும் காட்டுங்கள்" என்று ஒரு பாட்டியைப்போலக் கேட்டு வியந்ததே. மதிப்பெண் ஏறக்குறைய 50 சதவீதமாக உயர்ந்தது. ஆசிரியரே வேண்டாம் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. அவருடைய முறையைக் குறை கூறும் கல்வியாளர்களும் உண்டு. ஆனாலும் பெற்றோராகிய நமக்கு இதில் பெரிய ஆறுதல் இருக்கிறது. அறியாதவராக இருப்பது தடை அல்ல. அருகில் இல்லாதிருப்பதே தடை.

எங்கள் ஊரிலிருந்து பெங்களூருக்குச் சென்று வீட்டு வேலை செய்யும் சகோதரி ஒருவர் இந்த ஆலோசனையை ஏற்று, மகனோடு உட்கார்ந்தார். மவுஸ் அவர் கையில் நிற்கவில்லை. கோணல்மாணலாக ஓர் ஓட்டு வீடும், முற்றத்தில் ஒரு மாமரமும், பக்கத்தில் ஒரு கிணறும் வரைந்தார். மகன், "அம்மா, இது யார் வீடு?" என்று கேட்டான். அது அவருடைய தகப்பன் வீடு. கடன் நிமித்தம் விற்கப்பட்ட வீடு. அவன் அதைப் பார்த்ததே இல்லை. ஏன் ஊரை விட்டு வந்தோம் என்று அந்த இரவில்தான் அவனுக்கு முதல்முறை சொன்னார். பிறகு அவன் அந்த மரத்தில் மாங்காய்களை வரைந்து கொடுத்தானாம். "ஐயா, இப்போது என்னோடு பேசுகிறான்" என்று சொல்லி அழுதார். நகரத்தில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைத்தது, மொழி கிடைத்தது. நாம் யார் என்பதை அவர்களுக்குச் சொல்ல நேரந்தான் கிடைக்கவில்லை.

படம் வரைவது விக்கிரகத்திற்கு வழிவகுக்காதா என்று மூப்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆராதிக்கும்படி உருவம் உண்டாக்குவதையே கற்பனை விலக்குகிறது. ஆரோனின் அங்கியின் ஓரத்தில் மாதளம்பழங்களைச் செய்யும்படி தேவனே கட்டளையிட்டார். வெண்கலச் சர்ப்பத்தைச் செய்யச் சொன்னவரும் அவரே. ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டியபோதுதான் எசேக்கியா அதை உடைத்துப்போட்டான். பெந்தெகொஸ்தே விசுவாசிகளாகிய நாம் மறக்கக் கூடாத ஒன்றும் உண்டு. தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவன் என்று வேதம் பெயர் சொல்லிக் கூறும் முதல் மனிதன் தீர்க்கதரிசியும் அல்ல, ராஜாவும் அல்ல. அவன் கைவேலைக்காரனாகிய பெசலெயேல் (யாத்திராகமம் 31). அவனுக்கும் அகோலியாபுக்கும் பிறருக்குப் போதிக்கும் மனதையும் தேவன் அருளினார் என்று 35-ஆம் அதிகாரம் சொல்லுகிறது.

ஆகையால் சில காரியங்களை அன்போடு கேட்டுக்கொள்ளுகிறேன். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால், சபை அலுவலகத்தில் இருப்பதை வாரத்தில் ஒரு மணி நேரம் குடும்பங்களுக்குத் திறந்துவிடும்படி உங்கள் போதகரிடம் பேசுங்கள். சிறு பிள்ளைகளுக்கு 2002-இல் வெளிவந்த டக்ஸ் பெயிண்ட் நல்லது, அது இலவசம். தமிழ்நாட்டின் ஏழாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலும் இடம்பெற்றிருக்கிறது. 2023 முதல் மைக்ரோசாப்ட் பெயிண்டிலேயே, வார்த்தைகளை எழுதினால் தானே படம் உண்டாக்கும் வசதி வரத் தொடங்கியிருக்கிறது. முதலில் அதை நாடாதீர்கள். உங்கள் கை வரையும் கோணல் வீட்டை எந்த இயந்திரமும் அறியாது.

வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது பிள்ளைகளோடு தேவனுடைய வார்த்தைகளைப் பேசும்படி உபாகமம் 6-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. பேசுவதற்கு முன் உட்காரவேண்டும். இந்த வாரமே உட்காருங்கள். பிள்ளை கற்றுக்கொடுக்கட்டும், நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கைகளின் கிரியையையும் உங்கள் வீட்டின் சுவர்களையும் கர்த்தர் உறுதிப்படுத்துவாராக. ஆமென்.