சட்டைப் பையில் இருந்த கடதாசி

உடுப்புக் கழுவுமுன் சட்டைப் பைகளைத் தடவிப் பார்ப்பது எங்கள் எல்லோர் வீட்டிலும் உள்ள வழக்கம். அன்று மூத்த மகனின் சட்டைப் பையில் ஒரு கடதாசி இருந்தது. பொலிஸார் எழுதிக் கொடுத்த தண்டச்சீட்டு. அதனோடு தபாற் கந்தோரின் பற்றுச்சீட்டும் சேர்த்துக் குத்தப்பட்டிருந்தது.

"இது என்ன மகன்?" என்று கேட்டேன்.

"கிளிநொச்சிப் பக்கம் வானை மறிச்சிட்டாங்க உம்மா. ஐம்பதில போக வேண்டிய இடத்தில ஐம்பத்தெட்டில போயிட்டேன். மூவாயிரம் ரூபா. சல்லி கட்டியாச்சு, நீங்க பயப்படாதீங்க" என்றான்.

சல்லி கட்டியாயிற்று என்றதும் எனக்கு நிம்மதி. கடன் ஒன்று தீர்ந்தது என்ற நினைப்பில் இரண்டு கடதாசிகளையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அந்தச் சீட்டை ஒருமுறை வாசித்துப் பார்த்திருந்தால் பின்னால் வந்த நட்டம் வந்திருக்காது.

நாங்கள் முல்லைத்தீவு தண்ணீரூற்றைச் சேர்ந்தவர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இந்த மகன் கைக்குழந்தை. புத்தளத்தில் தஞ்சமடைந்தோம். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு காணியைத் துப்புரவாக்கிச் சிறிய வீடொன்று கட்டினோம். ஆனாலும் பிள்ளைகளின் தொழிலும் சம்பந்தமும் புத்தளத்தில்தான். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு வாழ்க்கை பாதி அங்கே, பாதி இங்கே, மீதி ஏ-9 வீதியிலே.

தண்டம் எழுதும் பொலிஸார் சாரதியின் லைசன்ஸை எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பதிலாகத் தரும் சீட்டு 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரமாகச் செல்லும். அந்த 14 நாட்களுக்குள் தண்டப்பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி, லைசன்ஸை எடுத்த பொலிஸ் நிலையத்திலேயே அதைத் திரும்பப் பெற வேண்டும். 14 நாட்கள் தவறினால் தண்டம் இரட்டிப்பாகும். 28 நாட்களும் தாண்டினால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும்.

மகன் ஐந்தாம் நாளே சல்லியைக் கட்டிவிட்டான். லைசன்ஸ் எடுக்கத்தான் போகவில்லை. புத்தளத்திலிருந்து கிளிநொச்சி 200 கிலோமீற்றருக்கும் அதிகம். "அடுத்த சாமான் ஏற்றத்துக்குப் போகும்போது எடுப்போம்" என்று நாளைத் தள்ளினான்.

பதினேழாம் நாள் புத்தளம் நகரில் எங்கள் வான் முன்னால் நின்ற முச்சக்கர வண்டியில் மோதியது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் பெரிய காயமில்லை. ஆனால் வானின் முன்பக்கம் நொறுங்கியது. முழுக் காப்புறுதி இருக்கிறது என்று நம்பியிருந்தோம். அவர்கள் முதலில் கேட்டதே லைசன்ஸைத்தான். விபத்து நடந்த நேரத்தில் சாரதியிடம் செல்லுபடியாகும் பத்திரம் இருக்கவில்லை என்று கூறி, வானுக்கான நட்டஈட்டை மறுத்துவிட்டார்கள். "சல்லி கட்டிட்டேனே" என்று மகன் பற்றுச்சீட்டை நீட்டினான். அது தண்டம் கட்டியதற்கு அத்தாட்சி, வாகனம் ஓட்டுவதற்கு அனுமதியல்ல என்றார்கள். என் இரண்டு காப்புகளும் மருமகளின் ஒரு சங்கிலியும் அடகுக் கடைக்குப் போயின.

அன்றிரவு அவனுடைய வாப்பா ஒன்றும் ஏசவில்லை. பழைய கதை ஒன்றைத்தான் சொன்னார். 2002 போர்நிறுத்தத்தின்போது ஏ-9 வீதி திறந்ததும் எங்கள் காணியைப் பார்க்க ஒருமுறை போயிருந்தார். ஓமந்தைக்கு அப்பால் புலிகளின் பொலிஸார் நின்று, வேகமாகப் போகும் வாகனங்களுக்குத் தண்டம் எழுதினார்கள். இவரும் அகப்பட்டுக் கட்டினார். ஓமந்தையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் அந்தச் சீட்டு வெறும் கடதாசியாகிவிட்டது. "தூரத்து ஊர்த் தண்டம் தூரத்தோடு போய்விடும் என்று நான் வேடிக்கையாகச் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவன் நீ. அது இரண்டு அதிகாரம் இருந்த காலம், மகன். இப்போது நாடு முழுவதும் ஒரே சட்டம்" என்றார்.

பிறகு ஒரு காப்புறுதி முகவரிடம் விளக்கம் கேட்டோம். எங்கள் நாட்டில் தண்டச்சீட்டு எழுதப்பட்டதற்காக மட்டும் காப்புறுதிக் கட்டணம் ஏறுவதில்லையாம். நட்டஈடு கேட்காத வருடங்களுக்குத் தரும் ‘நோ க்ளெய்ம் போனஸ்’ என்ற கழிவுதான் விபத்துக்கு நட்டஈடு கேட்டால் குறையும். ஆனால் லைசன்ஸ் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. தகாபுல் எடுத்தவர்களும் இதைக் கவனிக்க வேண்டும் என்றார்.

வெளிநாட்டில் நிலைமை வேறு. கனடாவில் ஒன்டாரியோ மாகாண லைசன்ஸ் வைத்திருப்பவர் எல்லை தாண்டி அமெரிக்காவின் நியூயோர்க், மிச்சிகன் மாநிலங்களில் குற்றம் செய்து தீர்ப்பானால், அது ஊரிலுள்ள அவருடைய பதிவேட்டிலும் ஏறும். காப்புறுதிக் கட்டணமும் அதனால் உயரலாம். டொரண்டோவில் இருக்கும் என் தாத்தாவின் மகள் இதைச் சொன்னபோது, எங்கள் வீட்டுப் பாடத்துக்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை என்று பட்டது. தூரம் தப்பை அழிப்பதில்லை.

சகோதரிகளே! வாகனம் ஓட்டுவது ஆண்கள் என்றாலும் வீட்டுக் கடதாசிகள் பெரும்பாலும் எங்கள் கையில்தான் இருக்கின்றன. மகனோ கணவரோ தண்டச்சீட்டுடன் வந்தால் முதலில் திகதியைப் பாருங்கள். பதினான்காம் நாள் எது என்று கலண்டரில் குறித்து வையுங்கள். சல்லி கட்டியதோடு நிற்காமல் லைசன்ஸ் கைக்கு வந்ததா என்று கேளுங்கள். வரும்வரை, சீட்டின் நாள் முடிந்துவிட்டால், வாகனச் சாவியைக் கொடுக்காதீர்கள். 2025 முதல் கைப்பேசி வழியாக அந்த இடத்திலேயே தண்டம் கட்டி லைசன்ஸைக் கையோடு பெறும் முறை கட்டம் கட்டமாக அறிமுகமானது. தூர ஊரில் மறிக்கப்பட்டால் அந்த வசதி உண்டா என்று பொலிஸாரிடமே மரியாதையாகக் கேட்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாதைக்கும் உரிமை உண்டு, அதில் செல்வோருக்குத் தொல்லை கொடுக்காதிருப்பதும் அந்த உரிமையில் அடங்கும் என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஐம்பதில் போக வேண்டிய இடத்தில் ஐம்பதில் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மகன் கிளிநொச்சிக்குப் போய் லைசன்ஸை எடுத்து வந்துவிட்டான். காப்புகளை இன்னும் மீட்கவில்லை. இன்ஷா அல்லாஹ், மீட்போம். இப்போது அவன் வெளிக்கிடும்போது சாவியை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். "லைசன்ஸ் இருக்கா மகன்?" என்று கேட்ட பிறகுதான் பிஸ்மி சொல்லி அனுப்புகிறேன்.